அலமாரிக்குள் முதலை

ஒன்பது வருடமாக அவள் முதலை. குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடர் ஒன்றில், ஆற்றோரம் படுத்தபடி போகிறவர் வருகிறவரையெல்லாம் குறை சொல்லும் கிழட்டு முதலைக்குக் குரல் கொடுத்துவந்தாள். நாற்பத்தாறு வயதில் இதைவிட மரியாதையான பிழைப்பு அமையாதா என்று சிலர் கேட்டதுண்டு. அவளே கேட்டுக்கொண்டதும் உண்டு. ஆனால் மருந்துக்கடை வரிசையில் அவள் வாயைத் திறந்ததும், பின்னால் நிற்கும் ஏதாவது ஒரு வாண்டு திடுக்கிட்டு அம்மாவின் கையைப் பிடித்து இழுக்கும். அந்த இழுப்புக்காகவே இன்னும் ஒன்பது வருடம் குறை சொல்ல அவள் தயார். வீட்டில் கணவர்கூட அவளை முதலை என்றுதான் கூப்பிடுவார்.

அந்த முதலையை ஒரு திங்கட்கிழமை அத்தான் பிடுங்கிக்கொண்டார்.

அத்தான் அவள் அக்காவின் கணவர். அவள் குரல் கொடுத்த ஒலிப்பதிவுக் கூடத்தின் முதலாளியும் அவரே. போதாக்குறைக்கு அவள் வீட்டுக்கு நேர் மேல்மாடியில் குடியிருந்தார். பகலெல்லாம் கண்ணுக்கு எதிரில், மாலையில் தலைக்கு மேல். புது சீசனில் உடற்பயிற்சிக் கூடத்து நண்பர் ஒருவரை முதலையாக்கிவிட்டதாக, அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்.

“கோவிச்சுக்காதே. குரல்ல என்ன இருக்கு? ரூம் என்னோடது, மைக் என்னோடது. அங்க யாரைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் முதலை வரும்.”

அக்கா தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முதலைக்குச் சுருக்கென்று ஒரு பதில் வரவேண்டுமே, வரவில்லை. இத்தனை வருடம் அடுத்தவர் எழுதிக்கொடுத்ததையே பேசிப் பழகியதன் பலன். வீட்டுக்கு இறங்கும் படிகளில்தான் வசனங்கள் வந்தன, படிக்கு ஒன்றாகப் பதினெட்டு. மறந்துபோகாமல் ஒரு தாளில் எழுதிவைத்தாள்.

மறுநாள் தொடரின் இயக்குநர் அம்மாவுக்குப் போன் செய்தாள்.

“புதுக் குரல் எனக்கும் முழுசாப் பிடிக்கலைங்க,” என்றார் அவர். “அதுக்காக ஓரவஞ்சனை பண்ண மாட்டேன். ரெண்டு பக்கம் வசனம் அனுப்பறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பேசி அனுப்புங்க. ரெண்டையும் கேட்டு முடிவு பண்றேன். எந்த ஸ்டுடியோன்னு கேக்க மாட்டேன். சத்தம் சுத்தமா இருக்கணும், அவ்வளவுதான்.”

கையில் இருந்தவை எப்போதோ ஆசைப்பட்டு வாங்கிய நல்ல மைக் ஒன்று, போன் ஒன்று. கம்ப்யூட்டர் கிடையாது. கூடவே ஒரு சபதமும் இருந்தது. அத்தானுடைய ஒரு சாமானைக்கூடத் தொடாமல் அத்தானின் மூக்கை உடைக்க வேண்டும்.

பழைய ஒலிச் சாமான்கள் விற்கும் கடைக்காரரை எல்லோரும் வயர் என்று கூப்பிடுவார்கள். ஆளும் அப்படித்தான் இருந்தார்.

“உங்க மைக்குக்கு நாப்பத்தெட்டு வோல்ட் வேணும்க்கா,” என்றார் வயர். “போன் அதைத் தராது. நடுவுல ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் வேணும். இந்தப் பெட்டிங்கதான். ஆனா எல்லாப் பெட்டியும் போனோட ஒத்துப்போகாது.”

“போன் பக்கம் தப்பா, பெட்டி பக்கம் தப்பா?”

“ரெண்டும் கல்யாணத்துக்கு முன்னாடி நல்லவங்கதான்.”

முதல் பெட்டியைச் சொருகியதும் அதன் விளக்கு ஒருமுறை மினுங்கி அணைந்தது. இந்தக் கருவி அதிக மின்சாரம் கேட்கிறது என்று போன் திரையில் எழுதிக் கைவிரித்தது. இரண்டாவது பெட்டி பேட்டரியில் ஓடியது. மின்சாரம் கேட்கவில்லை. ஆனால் ஹெட்போன் மாட்டும் பழைய வட்டத் துளை இருக்கும் போனோடுதான் பேசுமாம். அவள் போனில் அப்படியொரு துளையே இல்லை. மூன்றாவதன் முதுகில் இரண்டு வாய்கள் இருந்தன.

“ஒரு வாய்க்கு பவர்பேங்க்ல இருந்து சோறு போடுங்க. இன்னொரு வாய் போனோட பேசறதுக்கு. போன்கிட்ட பிச்சை கேக்காத பெட்டிதான் குடும்பத்துக்கு நல்லது.”

“கேபிள்?”

“இது பழைய பெட்டி அக்கா, கேபிளோட வரல. வீட்ல கேபிள் இல்லாமலா இருக்கும்?”

இருந்தது. ஒரு இழுப்பறை நிறைய இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் படுக்கையறை அலமாரியிலிருந்து பலகைகளைக் கழற்றி, உள்ளே எல்லாப் பக்கமும் போர்வைகளைத் தொங்கவிட்டாள். அவளும் மைக்கும் பெட்டியும் உள்ளே. போனுக்கு இடமில்லை. கதவிடுக்கு வழியாகக் கேபிளை வெளியே விட்டு, போனை இஸ்திரி மேசைமேல் வைத்தாள். அதற்குக் காவல் கணவர். அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். அன்று அவருக்கு விடுப்பு.

“சிவப்பு பட்டனை அமுக்கணும், அவ்வளவுதானே? பஸ்ஸையே ஓட்டறவன் நான்.”

“அமுக்கிட்டு வாயை மூடிக்கணும். அதுதான் கஷ்டம்.”

“உள்ள மூச்சு விட முடியுதா?”

“அத்தானை நெனச்சுக்கிட்டா எங்க இருந்தாலும் பெருமூச்சு வரும். நீங்க அமுக்குங்க.”

ஹெட்போனில் அவள் குரல் எண்ணெய் தடவியதுபோல் வழவழவென்று கேட்டது. அனுப்பியிருந்த வசனமும் தோதாக அமைந்துவிட்டது. முதலை வழக்கமாக வெயில் காயும் பாறையில் ஒரு கொக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறது. முதலை அதைப் பழிவாங்கப் போகிறது. அவள் நடிக்கவே வேண்டியிருக்கவில்லை. மனசுக்குள் கொக்குக்கு அத்தானின் மூக்குக்கண்ணாடியை மாட்டிவிட்டாள், மீதி தானாக வந்தது. ஒன்றரை மணி நேரம் கடித்துக் குதறிவிட்டு, வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்து, பதிவைப் போட்டுக் கேட்டாள்.

முதலில் பிஸ்கட் கடிபடும் சத்தம். பிறகு நாற்காலி முனகியது. தூரத்தில், மூடிய பெட்டிக்குள் யாரோ புலம்புவதுபோல் முதலை. எல்லாவற்றுக்கும் மேலே, கணீரென்று, கணவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது:

“பாவம், காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல. பிஸ்கட்ல நாலு எடுத்து வைக்கணும்.”

கொஞ்ச நேரம் கழித்து: “மூணு வைக்கலாம்.”

பெட்டியைக் கண்டுகொள்ளாமல், தனக்குள்ளேயே இருக்கும் மைக்கில் போன் எல்லாவற்றையும் பதிந்திருந்தது. அலமாரியின் இந்தப் பக்கம் நடந்தது மட்டும் துல்லியமாக இருந்தது. மணி மூன்றே முக்கால். வயருக்குப் போன் போட்டாள்.

“ஹெட்போன்ல அவ்வளவு நல்லாக் கேட்டுச்சேப்பா!”

“பெட்டியே நேரா உங்க காதுக்கு அனுப்பிடும்க்கா, போன் இருந்தாலும் இல்லாட்டியும். எந்த கேபிள் போட்டீங்க?”

“இவரு ஷேவரோட வந்தது.”

“அது சோறு மட்டும் ஊட்டற கேபிள்க்கா. பேச்சுவார்த்தை கிடையாது. அதுக்குன்னு தனிக் கேபிள் இருக்கு, ஆளை அனுப்புங்க.”

நிலையத்திலிருந்து பேருந்தை ஒருநாளும் நேரத்துக்கு எடுத்தறியாதவர் அன்று பைக்கில் பறந்து, நாலு இருபதுக்குத் திரும்பி வந்தார். புதுக் கேபிளைச் சொருகியதும் போன் திரையில் பெட்டியின் பெயர் வந்தது. மதியம் அந்தப் பெயர் வரவேயில்லை என்பது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. உள்ளே போய், ஒரே மூச்சில், நிறுத்தாமல் பேசினாள். தண்ணீர் குடிக்காத தொண்டையில் முதலைக்கு இன்னும் நான்கு வயது கூடியிருந்தது. நாலு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினாள். பிறகு உட்கார்ந்து மீதி இருந்த பிஸ்கட்டைத் தின்றாள். இரண்டுதான் இருந்தது.

சனிக்கிழமை காலை இயக்குநர் அம்மா கூப்பிட்டார்.

“முதலை உங்களோடதுதான். கேட்டதும் முதுகுத்தண்டு சில்லுன்னு ஆயிடுச்சு. கேக்க மாட்டேன்னுதான் சொன்னேன், இருந்தாலும் கேக்கறேன். எந்த ஸ்டுடியோ?”

“சட்டை அலமாரி, மேடம்.”

பதினெட்டு வசனமும் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். கதவைத் திறந்த அத்தானின் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குச் சேதி வந்துவிட்டது தெரிந்தது. அவள் உட்காரவில்லை. நின்றபடி, முதலைக் குரலிலேயே, ஒன்றிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். சமையலறையில் அக்கா குழாயை மூடினாள், சரியாகக் கேட்க வேண்டும் என்றுதான். அத்தான் தலையைக் குனிந்தபடி வாங்கிக்கொண்டிருந்தார். ஏழாவதில் நிமிர்ந்தார்.

“மைக்குக்குக் கெயின் எவ்வளவு கூட்டி வெச்சே?”

“என்னது?”

“உன் பதிவை டைரக்டர் அம்மா எனக்கும் அனுப்பியிருந்தாங்க. இனிமே எல்லாம் இந்தத் தரத்துல வேணுமாம். ரூம் சத்தம்னு பேருக்குக்கூட இல்ல. ராத்திரி மூணு தடவை கேட்டேன்.” குரல் கொஞ்சம் இறங்கியது. “நான் சொன்னது தப்புதான். எப்படி எடுத்தே?”

பதினோரு வசனம் பாக்கி இருந்தது. ஆனால் மூன்று தடவை கேட்டவரிடம் எட்டாவதை வாசிக்க நாக்கு எழவில்லை. பாழாய்ப்போன மனசு. தொழில் பேச்சென்று வந்தால் வாய் தானாகத் திறந்துவிடுகிறது. பெட்டியின் இரண்டு வாய், பவர்பேங்க், போர்வை என்று எல்லாவற்றையும் சொன்னாள். அத்தான் குறித்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை அவருக்கு வெளியூரில் ஒரு பதிவு. போனையும் பெட்டியையும் மட்டும் கொண்டுபோகலாம் என்று பார்த்தார்.

“வயர்கிட்ட இதே பெட்டி இன்னொண்ணு இருக்குமா?”

“இருக்கும் அத்தான்.”

“கேபிள்?”

அவள் தாளை நான்காக மடித்தாள்.

“ஏதாவது ஒண்ணு. வீட்ல கெடக்கறதே போதும்.”

ஞாயிற்றுக்கிழமை மதியம் அத்தான் வாங்கிவந்த பெட்டிக்கு ஒத்திகை. தலைக்கு மேலே நாற்காலிகள் நகர்ந்தன. அத்தான் யாரையோ “சத்தம் போடாதே” என்று சத்தம் போட்டார். அரை மணி அமைதி. பிறகு, “என்னடி இது, பதிவு பூரா உன் மிக்ஸி சத்தமா விழுந்திருக்கு!” என்று ஒரு அலறல். அதற்கு மேல் அக்காவின் சிரிப்பு. அவளும் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை.

“போதும் முதலை,” என்றார் கணவர். “கேபிளைக் குடு, நான் போய்க் குடுத்துட்டு வரேன். செவ்வாக்கிழமை ஆளு ஊருக்குப் போகணும்.”

“குடுக்கத்தான் போறேன். நான் என்ன ராட்சசியா?”

கேபிளைச் சுருட்டி, ஒரு ரப்பர் பேண்ட் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். மேலே மறுபடியும் அத்தான் தொண்டையைச் செருமி, முதல் வரியிலிருந்து தொடங்கினார்.

“இந்த டேக் முடியட்டும்,” என்றாள்.