மச்சான் பிடித்த குடை

இக்ராவிடம் இருந்த நேரம் மொத்தம் பதினைந்து நிமிடம். சூரியன் இறங்கியபின் ஏரிக்கு மேலே வானம் அடர்நீலமாக நிற்குமே, அந்தப் பதினைந்து நிமிடம். அதற்குள் தோழி திவ்யாவையும் அவளைக் கட்டிக்கொள்ளப்போகும் வினோத்குமாரையும் கரைமேல் நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து ஃபிளாஷ் அடித்து, நீலம் கெடாமல் ஒரு படம் எடுத்தாக வேண்டும். படம் இரண்டு வீட்டாருக்கும் பிடித்துப்போனால் கல்யாணத்துக்கும் இக்ராதான் போட்டோகிராபர். பிடிக்காவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் வாலாஜாபாத்திலிருந்து தங்கள் ஸ்டுடியோக்காரரைக் கூட்டிவருவார்கள். திவ்யாவின் அப்பா சடையப்பன் காலையிலேயே இதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

அந்த ஸ்டுடியோக்காரரின் ஆல்பங்களை இக்ரா பார்த்திருக்கிறாள். காமிராவின் தலையிலேயே ஃபிளாஷை மாட்டி மூஞ்சிக்கு நேராக அடிப்பார். பெண், மாப்பிள்ளை, மாமியார் என்று அத்தனை முகமும் வெள்ளையடித்த சுவர்போல இருக்கும். மூக்கு எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று தேடத்தான் வேண்டும். "அவரு எடுத்தா பளிச்சுனு கீது" என்று ஊரே சொல்லும். உத்திரமேரூர் கடைத்தெருவில் கடை வைத்திருக்கும் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் இக்ரா. "டிகிரி முடிச்சிட்டு கல்யாணத்துக்கு போட்டோ எடுக்கறியா?" என்று கேட்டதும் அதே ஊர்தான். "ஆமா, உங்க வூட்டு கல்யாணத்துக்கும் சொல்லி அனுப்புங்க" என்பது அவள் வழக்கமான பதில்.

இப்போது காற்று வேறு. ஃபிளாஷையும் அதன்முன் விரித்த வெள்ளைக் குடையையும் ஸ்டாண்டில் மாட்டி, அடியில் கல் நிரப்பிய பையைத் தொங்கவிட்டிருந்தாள். அப்படியும் இரண்டு தடவை சாய்ந்துவிட்டது. மூன்றாவது தடவை சாய்ந்தால் ஃபிளாஷ் மிஞ்சாது. ஸ்டாண்டிலிருந்து இரண்டையும் கழற்றி ஒரு கம்பில் மாட்டினாள்.

"யாராச்சும் இதப் புடிச்சுக்கினு நில்லுங்க. அஞ்சு நிமிஷம்."

கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரைத் தனியாக அனுப்பக்கூடாது என்று துணைக்கு வந்தவர்கள் மூன்று பேர். சடையப்பன், திவ்யாவின் அண்ணன் வரதன், வினோத்தின் தாய்மாமன் இருசப்பன்.

"நானா? மருமவனுக்கு மாமனாரு கொடை புடிக்கறதா?" என்றார் சடையப்பன். இருசப்பன் ஏரியைப் பார்த்தார். வரதன்தான் நல்ல பிள்ளையாக வந்து கம்பை வாங்கி, வினோத்துக்குப் பக்கத்தில் நின்று குடையைச் சாய்த்துப் பிடித்தான்.

இக்ரா குடையும் வரதனும் தெரிய அகலமாக ஒரு சோதனைப் படம் எடுத்தாள். வெளிச்சம் அவள் கேட்ட இடத்தில் விழுந்திருந்தது.

இருசப்பன் கையைத் தட்டினார். "ஆச்சு. மச்சான் கொடை புடிச்சாச்சு. இனிமே மோதிரம் கெடையாது."

சடையப்பன் திரும்பினார். "இன்னா சொல்றீங்க சம்மந்தி?"

கல்யாணத்தன்று காலையில் பெண்ணின் அண்ணனோ தம்பியோ மாப்பிள்ளைக்குக் குடை பிடித்து மண்டபத்துக்கு அழைத்து வருவான்; அதற்கு மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போட வேண்டும். இரண்டு வீட்டு வழக்கமும் அதுதான். "சும்மா புடிச்சான் இல்ல? போட்டோவே கீது" என்று இருசப்பன் காமிராவைக் காட்டினார்.

வரதன் பழுக்கக் காய்ச்சிய கம்பியைத் தொட்டவன்போலக் குடையைக் கரையில் போட்டான். "நான் புடிக்கல. அந்தப் போட்டோவ மொதல்ல அழி."

"அண்ணே, அது கொடையே இல்ல" என்றாள் இக்ரா. "வெளிச்சத்தப் பரப்பறதுக்கு வெச்சிருக்குற துணி. மழை வந்தா மொதல்ல நனையறது உள்ள நிக்கறவன்தான்."

"கொடை மாதிரி விரியுது, கொடை மாதிரி கம்பி கீது, புடிச்சவன் மச்சான். அப்புறம் இன்னாம்மா?" என்றார் இருசப்பன்.

"எங்க வூட்ட அசிங்கப்படுத்தணும்னே வந்துகிறீங்க" என்றார் சடையப்பன்.

"வெளையாட்டுக்கு சொன்னா கோவப்படறியே."

"மோதிரத்துல இன்னாய்யா வெளையாட்டு?"

ஏரிக்கு மேலே நீலம் கறுத்துக்கொண்டிருந்தது. இக்ரா வினோத்தைப் பார்த்தாள். அவன், "மாமா சொன்னா ஏதாச்சும் இருக்கும்" என்றான். இவனுக்காகவா ஒரு வாரமாக வெளிச்சக் கணக்குப் போட்டோம் என்று இருந்தது அவளுக்கு. பேஜார் பிடித்த கும்பல். காமிராத் தலையிலேயே ஃபிளாஷை மாட்டி, மூஞ்சிக்கு நேராக ஒன்று அடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். கம்பை எடுத்து ஃபிளாஷைத் திருகிக் கழற்ற ஆரம்பித்தாள்.

திவ்யா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள். "குடுடி."

"உனக்கு இன்னாத்துக்குடி?"

"நான் புடிக்கிறேன்." கம்பை வாங்கி வினோத்தின் பக்கத்தில் போய் நின்றாள். குடை இருவர் தலைக்கும் மேலே நிமிர்ந்தது.

சடையப்பன் வாயைத் திறந்தார். இருசப்பனும் திறந்தார். பெண்ணே மாப்பிள்ளைக்குக் குடை பிடித்தால் யார் யாருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இருவரிடமும் வழக்கம் இல்லை.

இனிக் குடையைப் படத்துக்கு வெளியே வைக்க முடியாது. இருக்கட்டும் என்று இக்ரா ஃபிளாஷை மறுபடி இறுக்கி, அதன் பவரைக் குறைத்தாள். குறைத்தது பத்தவில்லை என்று இன்னும் குறைத்தாள். கரைச்சரிவில் முட்டிபோட்டு, கீழிருந்து எடுத்தாள்.

திரையில் குடை ஏற்றிவைத்த விளக்குபோல நின்றது. அதிலிருந்து இறங்கிய வெளிச்சத்தில் திவ்யாவின் கறுத்த முகம் கறுப்பாகவே, மினுங்கிக்கொண்டு இருந்தது. பின்னால் ஒரு விரற்கடை நீலம் மிச்சம்.

"மாப்பிள்ளைக்கு ஒரு பக்கம் இருட்டா கீதே" என்றார் இருசப்பன்.

சடையப்பன் மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாத்தாம்மா கீது. அந்தக் கொடைய மட்டும் கம்ப்யூட்டர்ல அழிச்சிட்டு குடு. கல்யாணமும் நீயே எடு."

"கொடைய அழிச்சா வெளிச்சம் எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க மாமா."

"யாரு கேக்கப் போறாங்க?"

"நான் கேப்பேன்."

"புடிவாதம் புடிக்காத. இல்லன்னா அவங்க ஆளுதான்."

"கூப்டுக்கோங்க." குடையை மடக்கினாள்.

அவள் மடக்கி முடிப்பதற்குள் காமிராவிலிருந்து படத்தைத் தன் போனுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள் திவ்யா. கொஞ்ச நேரத்தில் சடையப்பனின் போன் கத்தியது, இருசப்பனுடையதும் கத்தியது. இரண்டு வீட்டாரும் இருக்கும் குடும்பக் குரூப்பில் படம் போய்விட்டது. அழிக்கச் சொல்ல சடையப்பன் கையை நீட்டும்போது வினோத்தின் அம்மா தாயாரம்மாளின் குரல் பதிவு வந்தது.

"டேய் இருசப்பா, இன்னாடா இது, கொடையே வெளக்காட்டம் கீது. மருமவ மொகம் எம்மாங் களை. இந்தப் போட்டோக்காரனையே கல்யாணத்துக்கும் சொல்லிடு."

இருசப்பன் போனை வாய்க்கருகே வைத்து, "சரிக்கா" என்று அனுப்பினார். இவ்வளவுக்கும் பிறகு போட்டோக்காரன்தானா என்று இக்ராவுக்கு எரிச்சலாக வந்தது.

"மாமா" என்று திவ்யா இருசப்பனைக் கூப்பிட்டாள். "கொடை புடிச்சது நானு. மோதிரம் எனக்குத்தான். போட்டோவே கீது."

"அப்போ எனக்கு?" என்றான் வரதன்.

மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. சடையப்பன் அதிலிருந்து தலையைத் திருப்பி, இக்ராவிடம் பல்லைக் கடித்தபடி சொன்னார். "முகூர்த்தம் ஆறு மணிக்கு. நாலுக்கே வந்துடு. கொடைய வூட்லயே வெச்சுட்டு வா."

"கொடையோடதான் வருவேன்" என்றாள் இக்ரா. "அன்னிக்கு யாரு புடிக்கறதுன்னு இப்பவே சண்ட போட்டு முடிச்சுக்குங்க."