போடாத இலை

நௌஃபலுக்குச் சாப்பாட்டைக் கண்டால் முதலில் பசி வராது. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்ற கவலைதான் வரும். தொழில் அப்படி. கல்யாணம், ஓட்டல்களின் மெனு அட்டை, மலைமேல் ரிசார்ட்டுகளின் விளம்பரம், எப்போதாவது ஒரு சினிமாவுக்கு ஸ்டில்ஸ் என்று எது கிடைத்தாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். பாலக்காட்டில் அவன் அத்தாவுக்கு ஜவுளிக்கடை. மகன் கல்லாவில் உட்காராமல் ஊர் ஊராகக் கல்யாணச் சோறு தின்று திரிகிறான் என்று அவருக்கு இன்றுவரை மனத்தாங்கல்தான்.

அப்படித் தின்று திரிந்ததில் இலைச் சாப்பாட்டின் சட்டதிட்டங்கள் எல்லாம் அவனுக்கு அத்துப்படி ஆகிவிட்டன. ஒன்றை மட்டும் அவமானப்பட்டுத்தான் கற்றுக்கொண்டான். தெரிந்தவர் வீட்டுக் கருமாதிக்குப் போனவன், சாப்பிட்டு முடித்ததும் கல்யாண வீட்டுப் பழக்கத்தில் இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டான். எதிரே இருந்த பெரியவர், "ஏந்தம்பி, இங்க கண்ணாலமா நடக்குது?" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி மானத்தை வாங்கினார். நல்ல காரியத்துக்குத் தன் பக்கம், துக்கத்துக்கு எதிர்ப்பக்கம். அன்றிலிருந்து அவன் கை தப்பவில்லை.

எலப்புள்ளியில் மௌனிகாவின் கல்யாணத்தை எடுக்க அவனைத்தான் அமர்த்தியிருந்தார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானமே போய்விட்டான். சித்திரை வெயில். கிழக்கேயிருந்து அடிக்கிற காற்றில் துவைத்த துணி கொடியில் போட்ட கையோடு காய்ந்துகொண்டிருந்தது. மழை பெய்து வெகுநாளாகியிருந்தது.

பெண்ணின் அம்மா மருதாத்தாள் நெற்றி நிறையப் பொட்டும் தலையில் பூவுமாக வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டிருந்தார். அவர் புருஷன் நஞ்சப்பன் நாலு வருஷத்துக்கு முன்னால், அடைமழைக் காலத்தில், பூண்டு லோடு எடுக்கக் காந்தலூர் மலைக்குப் போனவர். அவருடைய பிக்கப் வண்டி மலைக்குக் கீழே ஆற்றோரத்தில் கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. செத்தார் என்று சொல்ல உடல் இல்லை, இருக்கிறார் என்று சொல்ல ஒரு போன்கூட வரவில்லை. போன மாதம் மௌனிகாவையும் மாப்பிள்ளையையும் படம் எடுக்க நௌஃபல் காந்தலூருக்குக் கூட்டிப்போனபோது மருதாத்தாள் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார்: "எங்க வேணா புடிங்க தம்பி, ஆத்துப் பக்கம் மட்டும் போயிராதீங்க."

கல்யாணத்துக்கு முந்தின அந்தச் சாயங்காலம் செத்துப்போன முன்னோருக்குப் படையல். நடு அறையில் மூன்று இலை. ஒன்று நஞ்சப்பனின் அப்பாவுக்கு, ஒன்று அம்மாவுக்கு, ஒன்று கல்யாணமே ஆகாமல் போய்ச்சேர்ந்த சித்தப்பாவுக்கு. குத்துவிளக்கு வெளிச்சத்தில் பச்சை இலையும் வெள்ளைச் சோறும் அப்படி ஒரு அழகாக இருந்தன. நௌஃபல் மூலையில் டிரைபாடை நிறுத்தி, சில விநாடிக்கு ஒன்றாகக் கேமரா தானே படம் எடுக்கும்படி வைத்தான். பிறகு படங்களைக் கோத்துக் கல்யாண வீடியோவில் டைம்லாப்ஸாக ஓடவிடலாம் என்று கணக்கு.

அப்போதுதான் நஞ்சப்பனின் தம்பி தனபால் பேச்சை ஆரம்பித்தார்.

"அண்ணி, அண்ணனுக்கும் ஒரு எலை போட்டுருங்க. எத்தன நாளைக்குங்க இப்பிடியே இருக்கறது?"

"உசுரோட இருக்கறவருக்கு எதுக்குங்க எலை?" என்றார் மருதாத்தாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

"உசுரோட இருந்தா பெத்த புள்ளையோட கண்ணாலத்துக்கு வராம இருப்பாரா?"

மருதாத்தாள் சித்தப்பாவின் இலையில் அப்பளத்தை வைத்துவிட்டு எழுந்துகொண்டார். அவர் பிடிவாதத்தின் காரணம் அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். நான்காவது இலை விழுந்த நிமிஷம் நஞ்சப்பன் செத்தவராகிவிடுவார், மருதாத்தாள் தாலி அறுத்தவராகிவிடுவார். நாளைக்கு மகள் கழுத்தில் தாலி ஏறும்போது மேடைக்குப் பக்கத்தில்கூட அவரை விடமாட்டார்கள். புருஷன் போனால் அம்மா என்கிற பதவியும் கூடவே போய்விடும்போல. கேட்டால் சம்பிரதாயம் என்பார்கள். யாருக்கு வசதியான சம்பிரதாயம் என்று திருப்பிக் கேட்டால் வேறெங்கோ பார்ப்பார்கள்.

"செரி, எல்லாரும் வெளிய வாங்க, பெரியவங்க வந்து சாப்படட்டும்" என்றார் தனபால். கும்பல் நகர்ந்தது. நௌஃபலும் நடுவில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். கதவை இழுத்துச் சாத்திய பிறகுதான் கேமரா உள்ளே இருப்பது அவனுக்கு உறைத்தது. செத்தவர்கள் சாப்பிடும்போது யாரும் பார்க்கக்கூடாதாம். பக்கத்திலிருந்த அத்தை ஒருத்தி அவனிடம் ரகசியமாகச் சொன்னாள். இப்போது வாயைத் திறந்தால் கல்யாணமே கலவரமாகும் என்று பேசாமல் நின்றான்.

தனபால் தொண்டையைச் செருமிக் கதவைத் திறந்தபோது முதலில் உள்ளே போனது மருதாத்தாள். போனவர் நேராகச் சித்தப்பாவின் இலைக்குப் பக்கத்தில், வெறும் தரையில், பொத்தென்று உட்கார்ந்துகொண்டார். விழுந்து கும்பிட வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கடைசியாக எழுந்தபோது அவருடைய சேலையின் பின்புறம் நனைந்து கறுத்திருந்தது. தண்ணீர்ச் சொம்பு தட்டிவிட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டே நௌஃபல் கேமராவைக் கழற்றினான். சொம்பு நிமிர்ந்துதான் இருந்தது, விளிம்புவரை தண்ணீரோடு.

பந்தலில் ஓர் ஓரமாக உட்கார்ந்து லேப்டாப்பில் படங்களை ஏற்றினான். முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. மூடிய கதவு, மூன்று இலை, நிமிர்ந்து நிற்கும் சுடர். அடுத்த படத்தில் சுடர்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன, யாரோ பக்கத்தில் நடந்துபோன மாதிரி. கதவு மூடியேதான் இருந்தது. அடுத்ததில் கதவுக்குக் கீழே ஒரு ஈரப்பொட்டு. அப்புறம் இன்னொன்று, கொஞ்சம் உள்ளே. ஒவ்வொரு படத்திலும் பின்னால் இருந்தது காய்ந்து மறைய, ஒரு ஈரம் முன்னால் வந்தது. முதல் இலையைத் தாண்டியது, இரண்டாவதைத் தாண்டியது, மூன்றாவதையும் தாண்டி, இலை இல்லாத இடத்தில் வந்து நின்றது.

அங்கே தரை கறுக்க ஆரம்பித்தது. உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் தரை எப்படி நனையுமோ, அந்த அளவுக்கு, அந்த வடிவத்தில். அதற்கப்புறம் எத்தனையோ படங்கள், ஒன்றிலும் மாற்றமில்லை. பக்கத்து இலையின் அப்பளம்கூட அசையவில்லை. வந்தவர் தன் முன்னால் இருந்த வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார் என்றுதான் நௌஃபலுக்குத் தோன்றியது. "யா அல்லா" என்று முனகினான்.

"என்னங்க தம்பி, பேயறைஞ்சாப்ல உக்காந்திருக்கறீங்க?" தனபால் பின்னால் நின்றார். "கேமரா உள்ளதான் இருந்துச்சா? கதவு சாத்துனப்பவும்?"

நௌஃபல் லேப்டாப்பை மூடினான். இந்தப் படத்தை இவர் பார்த்தால் போதும், நான்காவது இலையே தேவையில்லை. நஞ்சப்பன் செத்ததற்கு இதைவிட என்ன அத்தாட்சி?

"இருந்துச்சுங்க. ஆனா பேட்டரி தீந்து போச்சு. ஒண்ணும் பதியலீங்க."

தனபால் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சமையல்காரர் கூப்பிடவே, போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் மருதாத்தாள் ஒரு தம்ளர் டீயோடு வந்தார். சேலை மாற்றியிருந்தார்.

"பதிஞ்சிருக்குதுங்களா?" என்று கேட்டார்.

அவனால் பொய் சொல்ல முடியவில்லை. திறந்து காட்டினான். அவர் அலறவில்லை, அழவில்லை. திரையில் தெரிந்த அந்த ஈரத்தின்மேல் ஒற்றை விரலை வைத்துப் பார்த்தார், காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொடுவதுபோல.

"ஒவ்வொரு படையலுக்கும் வர்றாருங்க. மொத தடவ மேல ஒழுகுதுன்னு ஆள உட்டுப் பாத்தேன். காங்கிரீட்டு, ஒரு விரிசல் இல்ல. அப்பறந்தான் கையில தொட்டு மோந்து பாத்தேன். ஆத்துத் தண்ணி வாசம்." மருதாத்தாள் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எலை இல்லாத எடத்துலயே வந்து உக்காருவாரு. அடுத்தவங்க எலையில கை வெக்க மாட்டாரு, சுபாவமே அப்பிடி. பட்டினியாவே எந்திரிச்சுப் போயிருவாரு. ஆரும் பாக்கறதுக்குள்ள நான் போயித் தொடச்சுருவேன்."

"தெரிஞ்சுமா அக்கா எலை போடாம இருக்கறீங்க?"

"போட்டா என்ற புள்ள பக்கத்துல ஆருங்க நிக்கறது?" அப்போதுதான் அவர் கண் நிறைந்தது. "பாவிங்க நான். கட்டுன புருஷன நாலு வருசமாப் பட்டினி போடறேன். நாளைக்கு ஒரு நாளு. தாலி ஏறற வரைக்கும் அந்தப் படத்த வெளிய உட்டுராதீங்க, தம்பி."

நௌஃபல் தலையை ஆட்டினான். அன்று இரவு வீட்டில் மனைவி ஜெஸ்னா பரிமாறிய சோற்றை அவன் பிசைந்துகொண்டே இருந்தான். என்ன என்று அவள் கேட்டதற்கு, வெயிலில் அலைந்தது ஒத்துக்கொள்ளவில்லை என்றான். எத்தனையோ சாப்பாட்டைச் சாப்பிடத் தூண்டும்படி எடுத்தவன் அவன். வெறும் தரை ஒன்று அவனை இப்படி உலுக்கும் என்று நினைத்ததில்லை.

மறுநாள் காலை மண்டபத்தில் தனபாலும் அவர் மனைவியும் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். மருதாத்தாள் மகளுக்குப் பக்கத்தில் நின்றார். மேளம் உச்சத்துக்குப் போய், மௌனிகாவின் கழுத்தில் தாலி ஏறியபோது, அவர் முகத்தில் வந்த நிறைவை நௌஃபல் விடாமல் எடுத்தான். அவருக்கு இடதுபக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தார். வேறு யாராவது என்றால், "கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்று கத்தியிருப்பான். அன்று வாயைத் திறக்கவில்லை.

விருந்தாளிகள் சாப்பிட்டுக் கிளம்பியபின் வீட்டார் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார்கள். வெள்ளை உறை போட்ட நாற்காலிகள். ஓர் ஓரமாக உட்கார்ந்த மருதாத்தாள், பக்கத்து நாற்காலிக்கு முன்னால் தானே ஒரு இலையை விரித்து, தண்ணீர் தெளித்து, பரிமாறுகிற பெண்ணைக் கூப்பிட்டார். "இதுலயும் எல்லாம் வைங்க."

எதிரே இருந்த தனபாலின் கை நின்றது. "அது ஆருக்குங்க அண்ணி?"

"உங்கண்ணனுக்கு."

மருதாத்தாள் யாருக்கும் பயந்தவராகத் தெரியவில்லை. "அவரு செத்துப் போயிட்டாருங்க. எனக்கு எப்பவோ தெரியும். நான் நிக்க வேண்டிய எடத்துல நின்னுட்டேன். இனி பூவ எடுக்கணுமா, பொட்ட எடுக்கணுமா, என்ன பண்ணணுமோ பண்ணிக்குங்க. மொதல்ல அவரு சாப்படட்டும்." பிறகு நௌஃபலைத் திரும்பிப் பார்த்தார். "இப்பப் புடிக்கலாமுங்க தம்பி."

தனபால் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் சோற்றில் விழுந்துகொண்டிருந்தது. அண்ணனுக்கு இலை போடச் சொல்லி நாலு வருஷமாக நச்சரித்தவருக்கு, போட்டதைப் பார்க்கச் சக்தியில்லை.

நௌஃபல் தரையில் மண்டியிட்டுக் கேமராவைக் கண்ணில் வைத்தான். அழுகிற முகத்தோடு ஒவ்வொரு வாயாகச் சாப்பிடுகிற மருதாத்தாள். பக்கத்தில் ஆளில்லாத நாற்காலி, ஆவி பறக்கும் இலை. எடுத்துக்கொண்டே இருந்தான். அவர் கடைசியில் மோர்ச்சோற்றை முடித்து, தன் இலையைத் தன் பக்கமாக மடித்தார். அதையும் எடுத்துவிட்டுக் கேமராவை இறக்கினான்.

பக்கத்து இலையும் மடிந்திருந்தது.

யார் மடித்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை. உள்ளே சோறு இருந்தால் மேடாக நிற்கும். இது படிந்து தட்டையாகக் கிடந்தது. தனபால் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. செத்தவருக்குப் போட்ட இலை எதிர்ப்பக்கமாக மடிந்திருந்தால்கூட அவர் அந்த அளவுக்கு நடுங்கியிருக்க மாட்டார். அது உட்கார்ந்தவரின் பக்கமாக, விளிம்போடு விளிம்பு சேர, பாந்தமாக மடிந்திருந்தது.

மருதாத்தாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை நின்றுவிட்டது.

"புள்ளையோட கண்ணாலத்துக்குத்தான் வந்திருக்கறாரு" என்றார்.

நாற்காலியின் வெள்ளை உறை நனைந்து, கீழே தண்ணீர் ஒவ்வொரு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அந்த ஈரம் நாற்காலியிலிருந்து வாசல்வரை, வெயில் விழுகிற இடம்வரை போயிருந்தது. இந்தத் தடவை மருதாத்தாள் அதைத் துடைக்கவில்லை.