தகவலாளி ஒன்பது

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேர் அந்தக் குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தோம். நான் முப்பத்து மூன்று ஆண்டு இருந்து, கம்ப்ரஸர் அறை போர்மனாக ஓய்வு பெற்றேன். என் தம்பி அதே அறையில் இருபத்தொன்பது ஆண்டு. இது நடந்தபோது அவன் ஓய்வு பெற ஐந்து மாதம் பாக்கி. இத்தனை காலத்தில் எங்கள் இருவர் பேரிலும் ஒரு மெமோ வந்தது கிடையாது. அலுவலக நடைவழியில் என் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். நேரம் தவறாதவன் என்பதால் தொழிலாளர்கள் எனக்குக் 'கடிகாரம்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால்தான். முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் தம்பியைத் தவிர யாருக்கும் இருந்ததில்லை.

என் மருமகள், ஒரே மகனின் மனைவி, சமூகவியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். எழுத்தில் ஒன்றாக இருக்கும் விதி, நடைமுறையில் எப்படி வேறொன்றாகிறது என்பது தலைப்பு. எங்கள் கிடங்கையே எடுத்துக்கொண்டாள். பதினான்கு மாதம் குறிப்பேட்டோடு ஷிப்டுக்கு ஷிப்ட் போய் உட்கார்ந்தாள். இருபத்து மூன்று பேரிடம் நேர்காணல் எடுத்தாள். நம் வீட்டுப் பெண் எழுதியதில் ஒரு பிழை இருக்கக் கூடாது என்று, ஆய்வேட்டை நானே ஒருமுறை படித்துத் திருத்தித் தருவதாகச் சொல்லியிருந்தேன். என் கண்ணாடி நான்கு நாள் கடையில் கிடந்தது. அது கையில் வந்தது ஒரு சனிக்கிழமை மதியம்.

நான்காம் இயலில் ஒருவர் பேசியதை அப்படியே கொடுத்திருந்தாள். "வாரா வாரம் ஏணியில ஏறி, அவசர வால்வை அரைச் சுத்து திருப்பிப் பாக்கணும்னு ரூல். நாங்க கீழ நின்னுக்கிட்டே ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுருவோம். எல்லா ஷிப்ட்லயும் அப்படித்தான். தப்புன்னே தோணாது. காலையில பல்லு விளக்கற மாதிரி ஆயிடுச்சு." அடியில் 'தகவலாளி 9' என்று போட்டிருந்தது.

எவனோ ஒரு சோம்பேறி என்று முகம் சுளித்துப் பக்கத்தைத் திருப்பினேன். கடைசியில் பின்னிணைப்பு இருந்தது. தகவலாளிகளின் அட்டவணை. பெயர் இல்லை, எண், வயது, பிரிவு, பணிக்காலம் மட்டும். ஒன்பதாம் வரிசையில் என் கண் நின்றது. ஆண். ஐம்பத்தொன்பது வயது. கம்ப்ரஸர் அறை. இருபத்தொன்பது ஆண்டு.

அந்தக் கிடங்கில் அப்படி ஒரே ஒரு ஆள்தான் உண்டு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். எழுத்து மாறவில்லை.

மருமகளைக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, பேரை மறைச்சுட்டதா சொன்னியே?"

"ஆமா மாமா. கிடங்கு பேரைக்கூட மாத்திட்டேன்."

"ஒன்பது யாரு?"

"அதை மட்டும் கேக்காதீங்க மாமா. சொல்ல மாட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்கேன்."

"நீ சொல்லவே வேணாம். உன் அட்டவணையே ஊருக்குச் சொல்லுது." விரலை அந்த வரிசையில் வைத்துக் காட்டினேன்.

அவள் குனிந்து பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லாமல் போனதை நான் கண்ணால் கண்டேன். "வயசை ஐம்பதுலேர்ந்து அறுபதுன்னும், வருசத்தை இருபதுலேர்ந்து முப்பதுன்னும் பொதுவாத்தான் போட்டிருந்தேன். துல்லியமா வேணும்னு நெறியாளர் சொன்னார். மாத்தினப்போ எனக்கு உறைக்கல மாமா. எனக்கு இது வெறும் எண்ணா இருந்துச்சு."

"சரி, கிழிச்சுப் போடு. வேற தாள் வை."

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்குக் காலையில ஒரு பிரதியை கிடங்கு பெர்சனல் ஆபீசர்கிட்ட கொடுத்துட்டேன். அனுமதி கொடுத்தப்பவே போட்ட நிபந்தனை அது. ஞாயித்துக்கிழமை படிச்சுடறேன், திங்கட்கிழமை பத்து மணிக்கு வாங்கன்னார்."

அன்று மாலையே தம்பி வீட்டுக்குப் போனேன். அடுத்த தெருதான். அவன் வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"வா அண்ணா. கடிகாரம் சொல்லாம கொள்ளாம வருதே, சாவி கொடுக்க மறந்துட்டாங்களா?"

"வாயை மூடுடா. மருமககிட்ட என்ன சொல்லி வெச்சே?"

ஆய்வேட்டில் பார்த்ததைச் சொன்னேன். அவன் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தான். கை துடைக்கும் துணியை எடுத்தவன், துடைக்காமலே வைத்திருந்தான்.

"டிஸ்மிஸ் பண்ணிடுவாங்களா அண்ணா?"

"பாதுகாப்பு ரெஜிஸ்டர்ல பொய்க் கையெழுத்து. வேற என்ன பண்ணுவாங்க? மாலை போடுவாங்களா?"

"எல்லாரும்தானே போடறோம்."

"எல்லாரும் புஸ்தகத்துல இல்லையேடா. நீதான் இருக்கே. வீட்டுப் பேரைச் சந்தியில கொண்டுவந்து நிறுத்திட்டியே!"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். சின்ன வயதிலிருந்து என்னிடம் எதிர்த்துப் பேசாதவன். "அந்தப் பொண்ணு, இந்தப் பழக்கம் யாருகிட்டேர்ந்து வந்துச்சுன்னு கேட்டுச்சு. நான் சொல்லலை அண்ணா. டேப் ஓடிக்கிட்டே இருந்துச்சு. நான் சும்மா உக்காந்திருந்தேன்."

நான் வீட்டுக்குத் திரும்பி வந்தேன். எது பயம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

தம்பி வேலைக்குச் சேர்ந்த புதிது, நான் போர்மன் ஆன வருடம். வால்வுக்கு ஏறும் இரும்பு ஏணியில் மூன்றாம் படி உடைந்துவிட்டது. வெல்டிங்குக்கு அனுப்பினோம். வார முறை வந்ததும், "எப்படி அண்ணா ஏறறது?" என்று கேட்டான். "இந்த வாரம் மட்டும் கையெழுத்துப் போட்டுடு, ஏணி வந்துடும்" என்றேன். நானும் கீழே என் கையெழுத்தைப் போட்டேன். ஏணி பதினோரு வாரம் கழித்து வந்தது. அதற்குள் ஏறாமல் கையெழுத்திடுவது எங்களுக்குப் பழகிவிட்டது. புதிதாக வந்தவர்கள் எங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். மருமகள் அந்த இயலில் எழுதியிருந்ததும் அதுதான்: குற்றவாளி என்று யாரும் இல்லாமலே ஒரு நிறுவனம் தன் விதியை மறந்துவிடும் என்று. குற்றவாளி இல்லையாம். படிக்கும்போது எனக்கு உடம்பு கூசியது.

ஞாயிறு முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. பெர்சனல் ஆபீசர் எந்தப் பக்கத்தில் இருப்பார் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். மெல்லப் படிக்கிறவராக இருக்க வேண்டும், பின்னிணைப்பு வரை போகாதவராக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை மருமகளோடு நானும் போனேன். "நீங்க எதுக்கு மாமா?" என்றாள். "துணைக்கு" என்றேன். யார் யாருக்குத் துணை என்று அவள் கேட்கவில்லை. அவளை உள்ளே கூப்பிட்டார்கள். நான் நடைவழி பெஞ்சில், என் படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்தேன். கதவைச் சரியாகச் சாத்தவில்லை.

"நல்லா எழுதியிருக்கீங்கம்மா" என்றார் ஆபீசர். "நான் எப்பவும் பின்னாலேர்ந்துதான் படிப்பேன். இந்த ஒன்பது யாரு?"

"சொல்ல முடியாது சார்."

"என்கிட்ட சர்வீஸ் லிஸ்ட் இருக்கு. ஒரே ஆள்தான் வர்றார். உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டா விசாரணைக்கு வசதி."

"சார், அது ஒரு ஆளோட தப்பு இல்லை. முழு இயலும் அதைத்தான் சொல்லுது."

"இயலுக்கு நான் மெமோ கொடுக்க முடியாதும்மா. ஆளுக்குத்தான் கொடுக்க முடியும். டேப்பைக் கொடுத்துட்டுப் போங்க. இல்லேன்னா பல்கலைக்கழகத்துக்கு எழுத வேண்டியிருக்கும்."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல்: "எழுதிக்குங்க சார்."

எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். தம்பி என் பேரைச் சொல்லப் போவதில்லை. படம் சுவரிலேயே இருக்கும். இதையும் நினைத்தேன்; நினைக்கவில்லை என்று எழுதினால் பொய். அப்புறம் கதவைத் தள்ளினேன்.

"வாங்க ஐயா!" ஆபீசர் எழுந்தே விட்டார். "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. உங்க காலத்துல இப்படி நடந்திருக்குமா?"

"ஸ்டோர்லேர்ந்து பழைய ரெஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லுங்க" என்றேன். "நான் போர்மன் ஆன வருசத்தோடது. கூடவே கேட் பாஸ் நோட்டும்."

பாதுகாப்பு ரெஜிஸ்டரை அங்கே யாரும் தூக்கிப் போடுவதில்லை. தூசியோடு வந்தது. நானே பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

"இங்க பாருங்க. ஏணி வெளியே போன தேதி கேட் பாஸ்ல இருக்கு. திரும்பி வந்த தேதியும் இருக்கு. நடுவுல பதினோரு வாரம். வாரா வாரம் 'திருப்பிப் பார்த்தேன், சரி'ன்னு போட்டிருக்கு. போர்மன் கையெழுத்து யாரோடதுன்னு பாருங்க."

அவர் பார்த்தார். வாசலுக்கு வெளியே தொங்கும் படத்தையும் ஒருமுறை பார்த்தார்.

"ஏணியே இல்லாத இடத்துல நான் எப்படி ஏறினேன்? ஒன்பதுகிட்ட விசாரிக்கறதுக்கு முன்னாடி என்னை விசாரிங்க. அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்."

"மாமா" என்றாள் மருமகள்.

ஆபீசர் மேஜைமேல் இருந்த இந்த வருட ரெஜிஸ்டரை இழுத்தார். ஒவ்வொரு மாத முடிவிலும், 'மேற்பார்வையிட்டேன்' என்பதன் கீழ் அவருடைய கையெழுத்து இருந்தது. நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை. தேவைப்படவில்லை. அவர் கழுத்தில் வேர்வை அரும்பியது.

"இப்ப அந்த வால்வு எப்படி இருக்கும்?" என்று மெல்லக் கேட்டார். என்னைத்தான் கேட்டார்.

யாருக்கும் தெரியாது. இத்தனை ஆண்டில் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை.

கம்ப்ரஸர் அறைக்குப் போனோம். தம்பிதான் ஷிப்டில் இருந்தான். எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. "ஏறிப் பாருடா" என்றேன். முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஏறினான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் பேக்கிங் கூடம். நாற்பது பேர் இருந்தார்கள். யாரோ ஏதோ கேலி பேச, கூட்டமாகச் சிரிக்கும் சத்தம் கேட்டது. குளிரூட்டும் விஷவாயுவான அம்மோனியா கசிந்தால் அந்தக் கூடத்துக்குப் போகும் குழாயை அடைக்க இருக்கும் ஒரே வால்வு அது.

தம்பி இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினான். ஸ்பானர் போட்டுத் திருப்பினான். முழு உடம்பையும் சாய்த்துத் தொங்கினான். அசையவே இல்லை.

"இறுகிப் போச்சு அண்ணா" என்றான் மேலிருந்து. குரல் சின்னப் பையன் குரலாக இருந்தது.

என் கையில் இருந்த ஏணி கடகடவென்று ஆடியது. அவன் ஆட்டுகிறான் என்று நினைத்தேன். நான்தான் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

பத்து நிமிடத்தில் கூடத்தைக் காலி செய்தார்கள். சாப்பாட்டுப் பாத்திரத்தைக்கூட எடுக்க விடாமல் வெளியே அனுப்பினார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. மறுநாள் மாலை வரை கிடங்கை மூடி வைத்து வால்வை மாற்றினார்கள். விசாரணை நடக்கவில்லை, நடத்தினால் எங்கே போய் முடியும் என்று ஆபீசருக்குத் தெரியும். தம்பி ஐந்து மாதத்தையும் முடித்தான். வாரா வாரம் ஏறினான். என் படத்தைக் கழற்றிவிட்டார்கள். அந்த இடத்தில் சுவர் மட்டும் சதுரமாக வெளுத்துத் தெரிகிறது என்று தம்பி சொன்னான். நான் போய்ப் பார்க்கவில்லை.

மருமகள் அட்டவணையை மாற்றினாள். வயது, பணிக்காலம் எல்லாம் இப்போது பத்துப் பத்து ஆண்டாக இருக்கிறது. என்னிடமும் ஒரு நேர்காணல் எடுத்தாள். ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்ததும் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன். மூன்று முறை நிறுத்தித் தொடங்கினோம். அச்சுக்குப் போகுமுன் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். இருபத்து நான்காம் வரிசை: ஆண், ஓய்வு பெற்றவர், கம்ப்ரஸர் அறை முன்னாள் போர்மன்.

"மாமா, கம்ப்ரஸர் ரூம்ல ஓய்வு பெற்ற போர்மன் நீங்க ஒருத்தர்தான். படிச்ச உடனே கண்டுபிடிச்சுருவாங்க. 'போர்மன்'ங்கறதை எடுத்துடட்டுமா?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரிசையைப் படித்தேன்.

"இருக்கட்டும்மா" என்றேன்.