ஒச்சாயியின் பாறையில் மீன்பிடித் திருவிழா

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றால், அன்றைக்கு இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட மீன்குழம்பு என் உடம்பில் ஒட்டாமல் போகட்டும். மேலூருக்குக் கிழக்கே, ஒச்சாயியின் ஒரு ஏக்கர் வயலின் நடுவில் நின்ற பாறையில், போன சித்திரைக்கு முந்தைய சித்திரையில் ஊரே இறங்கி மீன் பிடித்தது. கெளுத்தி குறைவு, பெயர் தெரியாத மீன்தான் அதிகம்.

அதற்கு முன் இரண்டு போகம் அந்த வயலில் கதிர் வந்தும் மணி பிடிக்கவில்லை. தூற்றினால் அத்தனையும் பதராகப் பறந்தது. மூன்றாவது போகமும் பொய்த்தால் வயலைப் பாறையோடு குவாரிக்காரருக்குக் கொடுத்துவிடுவதாக மருமகன் அழகுபாண்டியிடம் ஒச்சாயி ஒத்துக்கொண்டிருந்தாள். மண்ணைச் சோதித்த வேளாண்மை அலுவலர் பிரியம்வதா, மணிச்சத்து என்கிற பாஸ்பரஸ் துளியும் இல்லை என்றாள். அது எங்கிருந்து வருகிறது என்று ஒச்சாயி கேட்டாள். கடலில் மீனும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் செத்து அடியில் படியும். அவற்றின் உடம்பிலும் எலும்பிலும் இருக்கிற சத்தை நுண்ணுயிர்கள் சேற்றில் இறக்கிவிடும். அது கோடி வருடத்தில் கல்லாக இறுகும். அந்தக் கல்லை அரைத்துத்தான் உரம் என்று பிரியம்வதா விளக்கினாள்.

"அப்பக் கல்லுங்கிறது செத்த மீனா தாயி?"

"சில கல்லு மட்டும்மா."

மறுநாளே குவாரிக்காரர் பாறையைப் பார்த்துவைக்க வந்து உளியால் தட்டினார். கவிச்சி அடித்தது. கிரானைட்டில் கவிச்சி வருவதில்லை என்பது அவருடைய அனுபவம். உச்சிவேளைக்குள் மேலூர் பஸ் ஸ்டாண்டுப் பூனைகள் வரப்பில் வந்து உட்கார்ந்துவிட்டன.

அந்தப் பக்கத்தில் கண்மாய் வற்றிக் கவிச்சி அடித்தால் ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுவார். சனம் ஊத்தா என்கிற அடியில்லாத கூடையோடு இறங்கும். பிடித்த மீனை விற்கக் கூடாது, குழம்புதான் வைக்க வேண்டும். கண் மங்கிய பெரியவர் நல்லகாமன், வாசனையை நம்பிப் பாறைக்கு நேராகத் துண்டை வீசிவிட்டார். வீசிய துண்டை மறுப்பது முறையில்லை. ஊத்தாவைப் பாறையில் கவிழ்த்தார்கள். முழங்கை ஆழம் இறங்கியது.

"எம்புட்டு மாப்ள தேறும்?" என்றார் ஒரு ஊத்தாக்காரர், பக்கத்து ஊத்தாக்காரனிடம்.

"ரெண்டு கிலோ வரும்ணே. கல்லு மாதிரி கனக்குது."

"பெறகு? கல்லுலதான பிடிச்ச!"

ஒச்சாயி வரப்பில் நின்று கத்தினாள்: "தின்னுட்டு முள்ள என் வயல்லயே போட்டுட்டுப் போகணும். ஒரு முள்ளு கொறஞ்சாலும் வீடு தேடி வருவேன்!"

அழகுபாண்டி தலையில் அடித்துக்கொண்டான். "அத்தே, குவாரிக்காரரு நிக்கிறாரு."

"அவருக்கும் ரெண்டு மீனு குடுங்க மாப்ள."

சாயங்காலத்துக்குள் பாறை முட்டி உயரத்துக்கு வற்றியது. வெட்ட ஒன்றுமில்லை என்று குவாரிக்காரர் மீனோடு கிளம்பினார். முள்ளை மண் எடுத்துக்கொண்டது. இறுகவைத்ததும் உயிர்தான் என்றால் கரைக்கவும் உயிர் வேண்டுமல்லவா என்று, பிரியம்வதா கொடுத்த பாஸ்போபாக்டீரியா என்கிற நுண்ணுயிர் உரப் பொட்டலத்தையும் ஒச்சாயி தூவினாள். தையில் கதிர் மணி பிடித்துத் தலை சாய்ந்தது. வயல் இன்றும் அவளிடம்தான் இருக்கிறது. அடுத்த திருவிழாவுக்குக் கோடி வருடம் ஆகும் என்பதால் ஊத்தாவைப் பரணில் போட்டுவிட்டார்கள், யாருக்கும் அவசரமில்லை.

நான் பிறந்ததிலிருந்து சைவம்.