மரங்களுக்குள்ளால போ

தம்பியின் படத்திலிருந்து சட்டையை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தாள் ரஜனி. அவசரத்துக்குக் கோழி வெட்டும் கத்தரிக்கோல்தான் கையில் அகப்பட்டது. காலையில், அவர்கள் குடியிருக்கும் மிச்சம் நகரில் ஒரு கடையில் பெரிதாக்கி எடுத்துவந்த படம். டெனுசன் கடைசியாக அனுப்பிய படம் அது. அதில் அவன் போட்டிருந்தது ரஷ்யப் படையின் உடுப்பு. அந்த உடுப்போடு அவனுக்கு விளக்கு வைக்க அவளுக்கு மனமில்லை. கழுத்தோடு வெட்டினாள். வெட்டிவிட்டுப் பார்த்தால் தலை மட்டும் தனியாகக் கிடந்தது. அதைப் பார்க்க இன்னும் கேவலமாக இருந்தது.

முன்னறையில் ரிவியில் உக்ரைன் வரைபடம் போட்டிருந்தார்கள்.

செத்தவீடுதான். எடுக்க உடம்பு இல்லாத செத்தவீடு. சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணியிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்த ஆண்களெல்லாம் சப்பாத்தைக் கழற்றினார்கள், இரண்டு நிமிடம் தலையைக் குனிந்திருந்தார்கள், பிறகு வரைபடத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். நடுவில் சண்முகராசா அண்ணை. ரஜனியின் கணவன் றமணனோடு ஒரே மொத்தக்கடையில் வேலை செய்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் யூடியூப்பில் போர் நிலவரம் சொல்பவர். வன்னியில் சண்டை நடந்தபோதும் இப்படித்தான் வீடு வீடாகப் போய் வரைபடம் விரித்தவர். முள்ளிவாய்க்கால் முடிகிற கிழமைவரைக்கும் "இது ஒரு பொறி, உள்ளுக்கு வரவிட்டு அடிக்கப்போறாங்கள்" என்றே சொல்லிக்கொண்டிருந்தவர்.

"இப்ப டாங்கியைக் கொண்டுவந்து ஒருத்தனும் மோதுறேல்லை," என்று அவர் சொல்வது குசினிவரை கேட்டது. "ரெண்டு ரெண்டு பேராத்தான் விடுறான். பனிப்புகார் மூட்டமான நாளாப் பாத்து. பத்துப் பேரை விட்டா ரெண்டு பேர் போய்ச் சேருவினம். அவனுக்கு அது காணும்."

தேநீர்த் தட்டோடு வந்த ரஜனி நின்றாள்.

"மிச்ச எட்டுப் பேரும் அண்ணை?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் பொதுவாச் சொன்னனான், தங்கச்சி."

"சீனி எவ்வளவு போடுறது? அதுக்கும் ரிவியைப் பாத்துத்தான் சொல்லுவியளோ?"

றமணன் எழுந்து வந்து தட்டை வாங்கிக்கொண்டான். அவளை அவன் நிமிர்ந்து பார்த்து இன்றோடு இரண்டு நாள்.

டெனுசன் ரஷ்யாவுக்குச் சண்டை பிடிக்கப் போனவனில்லை. பிரான்சுக்குப் போகப் புறப்பட்டவன். மொஸ்கோவால் போகலாம் என்று ஏஜென்சிக்காரன் சொன்னபோது யாழ்ப்பாணத்திலிருந்து அவன் முதலில் கேட்டது அத்தானைத்தான். "நானும் அதாலதானே வந்தனான், ஒரு பயமுமில்லை," என்றான் றமணன். றமணன் வந்தது தொண்ணூற்றெட்டில். இருபத்தைந்து வருசத்துக்கு மேலாகியும் அந்தப் பாதை தனக்காக அப்படியே காத்துக்கொண்டு கிடக்கிறது என்று நினைத்திருந்தான். எல்லையில் டெனுசனையும், கூடப் போன மன்னார்ப் பொடியன் ஜெஸ்ரினையும் பிடித்தார்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் ஒரு கடதாசியில் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். சிறைக்குப் போகாமல் தப்பலாம் என்று வைத்தார்கள். மூன்று கிழமைப் பயிற்சி. பிறகு முன்னரங்கு.

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் அக்காவின் போனுக்கு அவனுடைய குரல்பதிவு வந்தது. விடிய அவர்கள் இரண்டு பேரையும் முன்னுக்கு அனுப்பப்போகிறார்களாம். எப்படியாவது அங்கால் போய் ஒரு நிலவறைக்குள் இருக்கவேணுமாம். "வெளியால போறதோ, மரங்களுக்குள்ளால போறதோ எண்டு அத்தானிட்டக் கேட்டுச் சொல்லக்கா. அவருக்கு உதெல்லாம் தெரியும்." இடத்தையும் குறித்து அனுப்பியிருந்தான்.

சண்முகராசா அண்ணையும் அன்று வீட்டில் இருந்தார். ரிவியில் இடத்தைப் பெருப்பித்தார்கள். வயல்வெளியின் ஓரம் நேர்கோடாய் ஒரு மரவரிசை. அடர்பச்சை. ஊரில் மரமென்றால் மறைப்பு; ஆடியென்ன, கார்த்திகையென்ன. இருவரும் ஒரே நேரத்தில் அந்தப் பச்சையில் விரலை வைத்தார்கள். வானத்திலிருந்து அந்தப் படத்தை எடுத்தது கோடை காலத்தில் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. ரஜனியும் யோசிக்கவில்லை.

நேற்று ஜெஸ்ரின் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்குப் போன் எடுத்து ரஜனியின் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். மரத்தில ஒரு இலை இல்லை அம்மா, தடி தடியா நிண்டது. ட்ரோன் மேல நிண்டு பாத்துப் பாத்துக் கீழ வந்தது.

இன்று காலையில் குசினிக்குள் வந்த றமணன் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் சொன்னான்.

"அம்மாவுக்கு ஒண்டும் சொல்லாதையும். போனில கிடக்கிறதையும் அழிச்சுவிடும்."

"ஏன், அண்ணையும் நீங்களும் சேந்து சொன்னியளோ அழிக்க?"

அவன் குழாயைப் பூட்டிவிட்டுப் போனான்.

மூன்றரைக்கு அம்மா வீடியோவில் வந்தா. யாழ்ப்பாணத்தில் நேரம் இரவு ஒன்பது. அம்மா அழுது முடித்துவிட்டிருந்தா. முகம் காய்ந்துபோய்க் கிடந்தது. ரஜனி தன்னுடைய போனை விளக்குக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.

"எல்லாரும் வந்திருக்கினமோ?"

"ஓம், அம்மா."

"றமணன் நிக்கிறாரோ?"

"நிக்கிறன், மாமி."

"தம்பி, நீங்கள் விசயம் தெரிஞ்ச ஆள். எனக்கு ஒண்டைச் சொல்லுங்கோ. பிள்ளை போனில ஆரோ சொன்னதைக் கேட்டுப்போட்டுத்தான் மரத்துக்குள்ளால போனவனாம். ஜெஸ்ரின் வேண்டாம் எண்டவனாம். இல்லை, எனக்குச் சரியான ஆக்கள் சொல்லியிருக்கினம் எண்டு போனவனாம். எந்த மடையன் தம்பி அது?"

றமணன் விளக்கின் திரியைத் தூண்டினான்.

சண்முகராசா அண்ணை முன்னுக்கு நகர்ந்தார். "அது கொமாண்டர்மார் போனில சொல்லுற ஓடர், அம்மா. அங்கத்தைய நடைமுறை அப்பிடித்தான். முதல் ட்ரோனால பாத்து..."

"நிப்பாட்டுங்கோ அண்ணை."

ரஜனி கத்தவில்லை. கத்தியிருந்தால் யாராவது பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். றமணனின் முகத்தைப் பார்த்தாள். ஒரு வசனம் போதும், அவன் தானே சொல்லட்டும் என்று பார்த்தாள். அவன் சொல்லவில்லை.

அவள் மேசையிலிருந்த அவனுடைய போனை எடுத்து அவனுடைய கையில் வைத்தாள். "அம்மாவை இதில எடுங்கோ," என்றாள். அவன் எடுத்தான். அவனுடைய கையிலேயே அம்மாவின் முகம் வந்தது. தன்னுடைய போனில் தொடர்பை நிறுத்திவிட்டு, செவ்வாய்க்கிழமை டெனுசனுக்கு அனுப்பிய குரல்பதிவைத் தேடி அமத்தினாள். இருபத்திரண்டு செக்கன்.

'டெனுசன், நல்லாப் பாத்திட்டம். மரங்களுக்குள்ளால போ. வெளியில இறங்காத.' அது றமணன்.

'ஒருத்தரும் காணமாட்டாங்கள் எண்டு சொல்லு.' அது சண்முகராசா அண்ணை.

பிறகு தூரத்தில், சட்டிச் சத்தத்தோடு, அவளே: 'கெதியாச் சொல்லி முடியுங்கோ, இஞ்ச கறி அடிப்பிடிக்குது.'

அவ்வளவுதான். சோபாவில் இருந்த ஒருவர் தேநீர்க் கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். சண்முகராசா அண்ணை தன்னுடைய ஜக்கெற்றைத் தேடினார். அதன்மேல்தான் இருந்தார்.

போனில் அம்மாவுக்குப் பின்னால் நாயொன்று குரைத்தது.

"ரஜனி."

"என்ன, அம்மா?"

"கறி அடிப்பிடிச்சதோ?"

"இல்லை, அம்மா."

தொடர்பு அறுந்தது. அம்மாதான் அறுத்தா. றமணனின் கை போனை அதே உயரத்தில் பிடித்தபடியே நின்றது.

ரஜனி ரிவியை நிறுத்தவில்லை. அண்ணை பெருப்பித்துவிட்ட அந்த மரவரிசை அதில் பச்சையாகவே நின்றது. வெட்டின படத்துண்டு இரண்டையும் பொருத்தி விளக்கின் முன் வைத்தாள். சட்டையோடேயே இருக்கட்டும். பிறகு விளக்குப் புகை போகட்டும் என்று யன்னல் சீலையை விலக்கிக் கண்ணாடியைத் திறந்தாள்.

வாசலில் கவுன்சில் நட்ட மரங்கள் தெரு நெடுகிலும் வரிசையாய், தடி தடியாய் நின்றன. நவம்பர் முடியப்போகிறது. அவற்றுக்கு ஊடாக ட்ராம் தரிப்பிடம் முழுதும் தெரிந்தது. ஐந்து பேர் நின்றார்கள். ஒருத்திக்குச் சிவப்புக் கையுறை. ஒரு கிழவரின் பையில் பாண். கடைசியில் நின்ற பொடியன் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய பிடரி மயிர்கூடத் தெரிந்தது.