குழந்தை மேதைக்கு நூற்றுப் பன்னிரண்டு அட்டைகள்

எங்கள் அகராதி அலுவலகத்தில் யாரும் சொந்த மூளையிலிருந்து பொருள் எழுதிவிட முடியாது. ஒரு சொல்லை மக்கள் எப்படியெல்லாம் புழங்கியிருக்கிறார்கள் என்று வாக்கியம் வாக்கியமாக அட்டையில் எடுத்து, சொன்னது யார் என்றும் குறித்து, அதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். அந்த வாரம் என் தலையில் விழுந்தது ‘குழந்தை மேதை’. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு அட்டைகள்.

நேரம் பார்த்துத்தான் விழுந்தது. என் ஏழு வயது மகளைப் பள்ளியில் சோதித்துவிட்டு, அதே சொல்லைப் படிவத்தில் எழுதி அனுப்பியிருந்தார்கள். கேள்வி கேட்டே ஆளைக் கொல்வதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே வெளியூரில் ஒரு விடுதிப் பள்ளி இருக்கிறதாம். திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். அவள் அப்பா “உன் இஷ்டம்” என்று நழுவிவிட்டார். போடுவதில்லை என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அவளை அனுப்பிவிட்டு வீட்டில் நான் என்ன செய்வேன்? அட்டைகளும் என் கட்சிதான். ‘அவரும் ஒரு காலத்தில் குழந்தை மேதைதான்’ என்று பாதிக்கு மேல் பெருமூச்சு விட்டன.

சனிக்கிழமை வக்கீலையும் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். காலையில் அட்டைகளை ஒருமுறை புரட்டிப் பார்த்தாள். மதியம் என் கை தவறிப் பெட்டி கவிழ்ந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து பொருள்வாரியாக அடுக்கியவை, எண்கூடப் போடாதவை, அத்தனையும் தரையில். குறிப்பேட்டைப் பார்த்து மறுபடி ஒவ்வொன்றாகத் தேடி அடுக்க வேண்டுமே என்று நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அவள் சம்மணமிட்டு உட்கார்ந்து, யோசிக்காமல், ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். என் குறிப்பேட்டோடு ஒப்பிட்டேன். ஒன்றுகூட இடம் மாறவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பெற்றவள்தான், ஆனாலும் அவள் பக்கத்தில் போய் உட்காரக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அவளுக்கு அது ஒரு விஷயமே இல்லை. வேறொன்று உறுத்தியிருக்கிறது.

“எல்லாம் பெரியவங்களே சொல்லியிருக்காங்களேம்மா. அந்தப் பிள்ளைங்க சொன்னது எங்க?”

தேடினேன். டாக்டர், பத்திரிகைக்காரர், பெருமைப்பட்ட மாமா, வயிறெரிந்த பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் இருந்தார்கள். பிள்ளை ஒன்றுகூட இல்லை. இருபது வருஷம் இதே வேலையில் கண் பூத்தவள், இது எனக்குப் படவே இல்லை. நானும் இவளை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று சுருக்கென்றது. பையிலிருந்து படிவத்தை எடுத்து முழுசாகப் படித்துக்காட்டினேன். போகிறாயா என்று கேட்டபோது, வேண்டாம் என்று சொல்லிவிடமாட்டாளா என்றிருந்தது.

“அங்க எனக்குத் தெரியாததெல்லாம் தெரிஞ்ச பிள்ளைங்க இருப்பாங்களா?”

இருப்பார்கள் என்றேன்.

“இங்க நான் ஏதாவது சொன்னா எல்லாரும் என்னையே பாக்குறாங்கம்மா. நான் பாக்கத்தான் யாருமில்ல. போறேன். கொஞ்ச நாள் அழுவேன்.” பிறகு என் முகத்தைப் பார்த்து, “நீ எப்படிம்மா இருப்ப?” என்றாள்.

“எனக்கென்ன, நல்லா இருப்பேன்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். பொய் என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியாதவள்போல இருந்துவிட்டாள்.