அனம் தேறிய பரீட்சை

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சிராங்கூன் சாலையில் நான் கவுண்டரில் உட்காரும் பல் கிளினிக்கிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பாலர் பராமரிப்பு நிலையம். சாதாரணப் பிள்ளைகள் படிக்கும் இடம். அங்கே என் மகள் அனமைச் சேர்த்துக்கொள்ளத் தயார் என்று சொல்லிவிட்டார்கள். அனமுக்கு நாலு வயது. இன்னும் பேசவில்லை. கூப்பிட்டால் திரும்புவதும் திரும்பாததும் அவள் இஷ்டம். இப்படிப்பட்ட பிள்ளைக்கு இடம் கிடைத்தால் பெற்றவள் துள்ளிக் குதிக்க வேண்டும். நானோ செவ்வாய்க்கிழமையிலிருந்து மண்டை காய்ந்து கிடந்தேன்.

பாசிர் ரிஸில் சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது. ஐந்து பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர். ஆனால் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான். பிடோக்கில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கொண்டுவிட்டுக் கூட்டிவர வேண்டுமென்றால் என் வேலை போய்விடும். எந்த இடம் பொருந்தும் என்று சொல்வதற்கு ஒரு மதிப்பீடு வைத்தார்கள். நாங்கள் அடித்த கூத்து அதில்தான்.

இந்த ஊரில் பரீட்சை என்று காதில் விழுந்தால் போதும், டியூஷன் தேட ஆரம்பித்துவிடுவோம். மதிப்பீட்டை யாரும் பரீட்சை என்று சொல்லவில்லை. நாங்களாகவே அப்படி எடுத்துக்கொண்டோம். என் கணவர் சுஹைபின் அக்கா உம்மு சல்மா மதினி, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவர். பகலில் அனமைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான், ஆனால் டியூஷன் பிள்ளைகளை விட்டுவிட்டு அவரால் பாசிர் ரிஸுக்கு அலைய முடியாது. வாட்ஸ்அப்பில் நாலு தாய்மாரை விசாரித்து, என்னென்ன செய்யச் சொல்வார்கள் என்று பட்டியலே போட்டுவிட்டார். கட்டை அடுக்கணும், வட்டம் வரையணும், கரண்டியைக் கோப்பைக்குள் போடணும், கேட்ட படத்தைத் தொடணும். ஆறு வாரம், தினமும் காலையும் மாலையும் பயிற்சி. சரியாகச் செய்தால் ஓர் உலர் திராட்சை.

அனம் பிடித்துக்கொண்டாள். மதிப்பிட வந்த வினுஷாவின் முன்னால் ஒன்றுகூடத் தப்பாமல் செய்து காட்டினாள். வீட்டில் எப்படி என்று கேட்ட படிவத்தில், மதினி சொன்னபடி எல்லாவற்றுக்கும் ‘செய்வாள்’ என்று நானும் டிக் அடித்தேன். லேசான உதவி போதும் என்று அறிக்கை வந்தது. மதினி நெய்ச்சோறு ஆக்கிக் கொண்டுவந்தார். வெட்கமில்லாமல் நானும் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை, நிலையத்தில் பழகிப் பார்க்க ஒரு காலைப்பொழுது கொடுத்தார்கள். நானும் கூடவே இருந்தேன். சுதா என்ற ஆசிரியை அனமின் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தார். அவ்வளவுதான், அனம் கட்டைகளை அடுக்கினாள். தாள் இல்லாததால் பாயில் விரலால் வட்டம் போட்டாள். பொம்மைக் கரண்டியை எடுத்துக் கோப்பைக்குள் போட்டாள். பிறகு கையை நீட்டினாள். சுதாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நீட்டிய கையைச் செல்லமாகத் தட்டிக்கொடுத்தார். அனம் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

ஒரு சின்னப் பெண் பந்தைக் கொண்டுவந்து நீட்டினாள். அனம் அதை ஒதுக்கிவிட்டுக் கட்டையை எடுத்தாள். வேறோர் ஆசிரியை வந்தால் அவருக்கும் செய்து காட்டினாள். தரை துடைக்க வந்த அம்மாவுக்குக்கூட. புது ஆள் யாராக இருந்தாலும் தன்னிடம் இதைத்தான் கேட்பார்கள் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். கடைசியில் அலறி அழுதபடி மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

“அக்கா, இந்த வரிசைய யாராச்சும் சொல்லிக் குடுத்தீங்களா?” என்று சுதா கேட்டார்.

“இல்லயே,” என்றேன். கூசாமல் சொன்னேன்.

“பரவால்ல. நாங்க ட்ரை பண்றோம் லா. ஆனா கிளாஸ்ல இருவது பிள்ளைங்க, நாங்க ரெண்டு பேருதான். அதயும் யோசிச்சுக்குங்க.”

யோசித்தேன். யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடியது. எந்தப் பிள்ளைதான் முதல் நாள் அழவில்லை, போகப் போகப் பழகிவிடும் என்றார் சுஹைப். பயிற்சி கொடுத்ததைச் சொன்னால் அறிக்கையைக் கிழித்துப் போடுவார்கள், இதுவும் போய் அதுவும் போய் வரிசையின் கடைசியில் நிற்பாய் என்றார் மதினி. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல். புதன்கிழமை ரயிலில் ‘சம்மதம்’ என்று தட்டினேன், இறங்குவதற்குள் அழித்தேன். வியாழக்கிழமை இஸ்திகாரா தொழுது அல்லாஹ்விடம் வழி கேட்டேன். மனசு அதற்குப் பிறகும் அங்கே ஒரு கால் இங்கே ஒரு கால்தான்.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்குக் கிளினிக்கின் பின்பக்கம் போய் நின்றுகொண்டு வினுஷாவை அழைத்தேன். டியூஷன், திராட்சை, டிக் அடித்த படிவம், எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. திரும்ப மதிப்பிட வேண்டும், ஐந்து மாதம் ஆகலாம், அதுவரை இந்த இடம் நிற்காது என்று மட்டும் சொன்னார். பிறகு கேட்டார்:

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. யாரும் எதுவும் சொல்லாதப்ப, தன்பாட்டுக்கு இருக்கறப்ப அனம் என்ன செய்வாங்க?”

வாயைத் திறந்தேன். கட்டையும் கரண்டியும்தான் வந்து நின்றன. ஆறு வாரமாக அவளைத் தன்பாட்டுக்கு இருக்க நாங்கள் விடவே இல்லை. அதற்கு முன்னால்? அப்போது நான் கவனித்ததெல்லாம் அவள் செய்யாதவற்றைத்தான். பேசவில்லை, திரும்பவில்லை, மற்ற பிள்ளைகளோடு சேரவில்லை. செய்வதைப் பார்க்கவே இல்லை.

“தெரியல,” என்றேன். அழுதுவிட்டேன்.

“அது தெரிஞ்சாத்தான் எந்த எடம்னு என்னால சொல்ல முடியும். பாத்து எழுதிட்டு வாங்க.”

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சுதாவை அழைத்து, இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடச் சொன்னேன். மதினியின் முகத்தில் எப்படி விழிப்பேன், ஐந்து மாதத்தை எப்படி ஓட்டுவேன், செய்தது சரியா தப்பா, ஒன்றும் புரியவில்லை. பெற்ற மகள் தன்பாட்டுக்கு என்ன செய்வாள் என்பதே தெரியாதவள், அவளுக்கு எந்த இடம் நல்லது என்று நாலு நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.